நற்கருணைக்கு முன் மாத்திரை போடலாமா?

காலைப் பூசைக்கு முன் அம்மா சர்க்கரை மாத்திரை போடுகிறார், நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கலாம். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 919 கேட்பது, நற்கருணை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேறு எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் இருப்பது. பூசை தொடங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். வயதானவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு அதுவும் கட்டாயமில்லை. மாத்திரையோடு இரண்டு இட்லி தேவைப்பட்டால் அம்மா சாப்பிடட்டும்.

பழைய ஆட்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1953 வரை பொதுவாக நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ்தான் அந்த ஆண்டு தண்ணீரை அனுமதித்தார். 1957-இல் உணவுக்கு மூன்று மணி நேரம் என்றாக்கினார். 1964-இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அம்மாவைப் பட்டினியோடு கோவிலுக்குக் கூட்டிப் போகாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும்.