ஐபி கேமரா படம் ஓபிஎஸ்-இல் மட்டும் இழுபட்டு உடைகிறது, விஎல்சி பிளேயரில் சரியாக ஓடுகிறது. என்ன காரணம்?

கேள்வியில் சொல்லியிருக்கும் அறிகுறிகள்: ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில், கேமராவின் படத்தை எடுக்கும் ஆர்டிஎஸ்பி முகவரியை மீடியா சோர்ஸாகச் சேர்த்தால் அவ்வப்போது படத்தின் கீழ்ப்பகுதி இழுபடுகிறது, சாம்பல் கட்டங்கள் வருகின்றன, சில நொடிகளில் தானாகச் சரியாகிறது. அனேகமாக இது யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வழியே வரும் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், வழியில் தொலைவதால்தான். ஓபிஎஸ்-ஐ அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுவதால் எதுவும் மாறாது.

முதலில் செய்ய வேண்டியது டிசிபிக்கு, அதாவது தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறைக்கு, மாற்றுவது. மீடியா சோர்ஸின் ப்ராப்பர்ட்டீஸில் 'லோக்கல் ஃபைல்' டிக்கை எடுத்திருப்பீர்கள். அங்கேயே கீழே 'எஃப்எஃப்எம்பெக் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆர்டிஎஸ்பி_டிரான்ஸ்போர்ட்=டிசிபி என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் ஸ்பேஸ் இல்லாமல் அடியுங்கள். முன்னால் ஹைஃபன் போடக்கூடாது, அது கமாண்ட் லைனில் மட்டும்தான். பலர் அங்கிருந்து அப்படியே காப்பி செய்து ஒட்டிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பார்கள். இன்னொரு ஆப்ஷனும் சேர்ப்பதானால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டால் போதும்.

ஓபிஎஸ் உள்ளே பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைத் தன் போக்கில் விட்டால், அது முதலில் யுடிபியைத்தான் முயலும். யுடிபியில் தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்க வழியில்லை. அது ஏன் படத்தை இவ்வளவு கெடுக்கிறது என்றால், எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவில் முழுப்படம் எப்போதாவது ஒருமுறைதான் வரும். அதுதான் ஐ-ஃபிரேம். நடுவில் வரும் பி-ஃபிரேம்களில் 'முந்தைய படத்திலிருந்து இது மாறியது' என்ற தகவல் மட்டுமே இருக்கும். 1080பி, 25 ஃபிரேம், 4 எம்பிபிஎஸ் என்றால் சராசரி ஃபிரேம் 20 கிலோபைட். ஐ-ஃபிரேம் மட்டும் 100 கிலோபைட்டைத் தாண்டிவிடும். பாக்கெட்டுக்குச் சுமார் 1400 பைட் என்று வைத்தால் எழுபதுக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள் ஒரே மூச்சில் வந்து விழும். அதில் ஒன்று போனாலும் அடுத்த ஐ-ஃபிரேம் வரும்வரை அந்தக் காயம் படத்தில் இருக்கும்.

மேல்பாதி சுத்தமாகவும் கீழ்ப்பாதி மட்டும் இழுபட்டும் இருப்பதற்கும் இதுவே விளக்கம். படம் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகக் குறியாக்கம் செய்யப்படுகிறது. நடுவில் சில பைட்டுகள் இல்லாமல் போனால், அடுத்த ஸ்லைஸ் (ஃபிரேமின் தனித்துப் பிரிக்கக்கூடிய துண்டு) தொடங்கும்வரை டிகோடரால் இடத்தைப் பிடிக்க முடியாது. பல கேமராக்கள் ஒரு ஃபிரேமை ஒரே ஸ்லைஸாகத்தான் அனுப்புகின்றன, அதனால் அதற்குக் கீழே எல்லாமே போச்சு.

விஎல்சி ஏன் தப்பிக்கிறது? அது இயல்பாகவே நெட்வொர்க் ஸ்ட்ரீமுக்கு 1000 மில்லி நொடி தாமதம் வைத்துக்கொள்கிறது. தாமதமாகவோ வரிசை மாறியோ வரும் பாக்கெட்டுகளை அதற்குள் அடுக்கிவிடும். நிஜமாகவே தொலைந்த பாக்கெட்டை அதனாலும் மீட்க முடியாது. ஆகவே ஒப்பிடும்போது அதே கணினியில், அதே முகவரியை வைத்துப் பாருங்கள். மொபைலில் சப் ஸ்ட்ரீமை (தரம் குறைந்த சிறிய படம்) பார்த்துவிட்டு ஓபிஎஸ்-இல் மெயின் ஸ்ட்ரீமைப் போடுவது ஒப்பீடே இல்லை. ஹிக்விஷன் கேமராக்களில் முகவரியின் கடைசியில் 101 என்றால் மெயின், 102 என்றால் சப்.

டிசிபிக்கு மாற்றிய பிறகு இழுபடுவது நின்று, படம் உறைந்து உறைந்து ஓடுகிறதா? அப்படியானால் நெட்வொர்க்கில் நிஜமாகவே கோளாறு இருக்கிறது, டிசிபி அதைத் தாமதமாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். வைஃபையில் இருந்தால் முதலில் கேபிளுக்கு வாருங்கள். ஸ்ட்ரீமிங் கணினியும் சேர்த்து. கேமராவுக்கு மட்டும் கேபிள் போட்டுவிட்டுக் கணினியை வைஃபையில் விடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. கேபிள்தான் என்றால் 100 மீட்டருக்குள் இருக்கிறதா, ஆர்ஜே45 முனைகள் ஒழுங்காகக் கிரிம்ப் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம்) கொடுத்தால் தொல்லை அதிகம். ஸ்விட்சில் நிர்வாகப் பக்கம் இருந்தால் அந்தப் போர்ட்டின் சிஆர்சி எரர் (பழுதாகி வந்த தரவு) எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ முனையையோ மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை. லிங்க் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் அனுப்பும் முறை) நிற்கிறதா என்பதும் முக்கியம். ஒரு பக்கம் கையால் ஃபுல் என்று வைத்து மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் பார்த்து 'லாஸ் இல்லையே' என்று திருப்திப்பட வேண்டாம். நொடிக்கு ஒன்றாகப் போகும் பிங், ஐ-ஃபிரேம் மொத்தமாக வந்து விழும்போது நடப்பதைக் காட்டாது.

உடைவின் தாளத்தையும் கவனியுங்கள். ஐ-ஃபிரேம் வரும் அதே இடைவெளியில், உதாரணமாகச் சரியாக 2 நொடிக்கு ஒருமுறை, வந்தால், ஐ-ஃபிரேம் வந்து விழும் நேரத்தில் எங்கோ பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பி வழிகிறது. ஆட்கள் நடமாடும்போது மட்டும் என்றால் விபிஆரில் (காட்சிக்கேற்ப மாறும் முறை) பிட்ரேட் எகிறுகிறது. நேரம் காலமே இல்லாமல் வந்தால் வைஃபை அல்லது கேபிள்.

இனி கேமராவின் வெப் பக்கம். இதைப் பலர் தொடுவதே இல்லை, ஆனால் பாதித் தீர்வு இங்கேதான். ஐ-ஃபிரேம் இடைவெளியை ஃபிரேம் ரேட்டுக்குச் சமமாக வையுங்கள், 25 ஃபிரேமுக்கு 25. அது 250 ஆக இருந்தால் ஒரு காயம் ஆற 10 நொடி வரை ஆகலாம். ஹிக்விஷனின் எச்.264+, டாஹுவாவின் ஸ்மார்ட் கோடெக், ஆக்ஸிஸின் ஜிப்ஸ்ட்ரீம் டைனமிக் ஜிஓபி போன்றவை ஹார்ட் டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்த வந்தவை. ஐ-ஃபிரேம் இடைவெளியைத் தாமாகவே நீட்டிவிடும். நேரலைக்கு அவற்றை அணைத்துவிடுங்கள். பிட்ரேட்டை சிபிஆராக்கி (மாறாத அளவு) 4096 கேபிபிஎஸ்ஸில் தொடங்குங்கள். எச்.265 கட்டாயம் இல்லையென்றால் எச்.264 போதும். மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைப் பலருக்கும் சேர்த்து அனுப்புவது) வேண்டாம்.

ஓபிஎஸ்-இல் 'நெட்வொர்க் பஃபரிங்' அளவைக் கூட்டினால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. யுடிபியில் அது பெறும் சாக்கெட்டின் பஃபர் அளவாகத்தான் போகிறது. கூட்டினால் கணினிக்குள் வழிவது குறையலாம், வழியில் தொலைந்தது திரும்பாது. லினக்ஸில் நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸ் என்ற உச்சவரம்பை உயர்த்தாதவரை, நீங்கள் எவ்வளவு கேட்டாலும் கெர்னல் கொடுப்பது பல பதிப்புகளில் சுமார் 208 கிலோபைட்தான்.

பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறம் படம் முழுக்கப் படர்ந்தால் அது வேறு நோய். ஹார்ட்வேர் டிகோடிங் டிக்கை எடுத்துப் பாருங்கள். சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் சிக்கல். டிக் இல்லாமலேயே இரண்டு, மூன்று கேமராக்களைச் சாதாரண சிபியூ தாங்கிவிடும்.

சீன் மாற்றும்போது மட்டும் சில நொடி சாம்பலாக வந்தால், சோர்ஸ் ஒவ்வொரு முறையும் கேமராவோடு புதிதாக இணைகிறது, ஸ்ட்ரீமின் நடுவில் நுழைந்து ஐ-ஃபிரேமுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். சோர்ஸ் ஆக்டிவ் ஆகும்போது மீண்டும் தொடங்கும் டிக், இன்ஆக்டிவ் ஆகும்போது ஃபைலை மூடும் டிக், இரண்டையும் எடுங்கள். இன்னொரு சீனில் அதே கேமரா வேண்டுமென்றால் புதிதாகச் சேர்க்காமல் 'ஆட் எக்ஸிஸ்டிங்' கொடுங்கள். இல்லாவிட்டால் சீனுக்கு ஒரு இணைப்பு திறந்து கேமராவின் சின்னப் ப்ராசசர் திணறும். என்விஆரும் (கேமரா பதிவுப் பெட்டி) மொபைல் ஆப்பும் ஏற்கெனவே அதிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். இழுப்பவர்கள் அதிகம் என்றால் நடுவில் மீடியாஎம்டிஎக்ஸ் அல்லது கோ2ஆர்டிசி என்ற ஸ்ட்ரீம் பகிரும் மென்பொருளை வைத்து, கேமராவிலிருந்து டிசிபியில் ஒரே ஒரு இணைப்பு எடுத்து, மற்ற எல்லாருக்கும் அங்கிருந்து பிரித்துக் கொடுங்கள்.

ஓபிஎஸ் ப்ரிவியூவில் படம் சுத்தமாக இருந்து பார்வையாளர்களுக்கு மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், மேலே சொன்ன எதையும் தொட வேண்டாம். அது வெளியே போகும் பிட்ரேட் போதாததன் விளைவு. வெளியே அனுப்பப் பயன்படும் ஆர்டிஎம்பி டிசிபியில் போவதால் அங்கே இழுபடுதல் வராது, தடங்கலோ மங்கலோதான் வரும். மாறாக, கேமராவின் எஸ்டி கார்டில் பதிவானதிலேயே உடைவு இருந்தால் நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பவர் அடாப்டரை மாற்றிப் பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால் கேமராவையே மாற்ற வேண்டியதுதான்.