வாசகர் கேள்வி–பதில்: ஓடாத பந்தயக் கார்

கேள்வி: விலைவாசி ஏறியதால் இந்த வருடம் எனது பழைய ஒஸ்ரின் மினியை நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்ட மலைப்பாதைக் கார்ப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. கொட்டிலில் விட்டால் பழுதாகுமா? – வாசகர், கிளிநொச்சி

பதில்: மனம் தளர வேண்டாம். எண்ணெய் நெருக்கடியால் 1974இல் புகழ்பெற்ற மொன்ரே கார்லோ கார் ரலியே நடக்கவில்லை; பிறகு மீண்டும் நடந்தது. ஆனால் காரைச் சும்மா விட்டால் கட்டாயம் பழுதாகும்.

முதலில் ஒயிலை மாற்றுங்கள். மினியில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே ஒயில்தான், ஏறக்குறைய 5 லீற்றர். செலவுதான், ஆனாலும் பழைய ஒயிலிலுள்ள அமிலம் பெயாரிங்கை அரிக்கும். பெற்றோலை முழுதாக வடித்து, காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) காயும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். இல்லையென்றால் அதிலுள்ள ஜெற் எனும் நுண்ணிய பெற்றோல் துளையில் பிசின் படியும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளைக்கு ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். கைபிரேக்கைத் தளர்த்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள்; கைபிரேக்கை இழுத்தபடியே விட்டால் மாரி ஈரத்தில் பிரேக் சூ, சில்லோடு சுழலும் ட்ரம்மோடு ஒட்டிவிடும். புகைக்குழாய் வாயைத் துணியால் அடையுங்கள், எலி புகும்.

திரும்ப ஓடும்போது பிரேக் ஒயிலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும். மலைப்பாதைச் சூட்டில் கொதித்தால் பெடல் அடிவரை போய்விடும்.