பியானோ வாசிப்பில் உங்களை ஆயுள் முழுக்கக் கட்டிப்போட்ட பாணி எது? ஏன்?

நியூ ஆர்லியன்ஸ் பியானோ, அமெரிக்காவின் தெற்கில் உள்ள அந்த ஊரின் பாணி. இந்தக் கேள்விக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. பள்ளி நாட்களில் யாரோ பதிந்து கொடுத்த ஒரு கேசட்டில் ஆரம்பித்தது. தலை நரைத்த பிறகும் விடவில்லை. பிழைப்புக்குக் கச்சேரியிலும் ஸ்டுடியோவிலும் கீபோர்டு வாசிக்கிறேன். அங்கே கேட்டதையெல்லாம் வாசித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கை தானாக இந்த ஊருக்குத்தான் போகும்.

காரணம், இடது கை. சாதாரண பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ நடையில் இடது கை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் இடது கையோ தாளத்தை உடைத்து உடைத்துப் போடும். எட்டு எண்ணிக்கையை 3-3-2 என்று பிரிப்பதுதான் அடிப்படை. சொல்கட்டு பழகியவர்களுக்குத் தகிட தகிட தக என்றால் உடனே பிடிபடும். இந்தத் தாளம் வந்த வழி இதுதான்: நியூ ஆர்லியன்ஸ் துறைமுக ஊர். அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கத்தில் கூடி மேளம் அடித்து ஆடிய ஊர். எதிரே கடல் தாண்டினால் கியூபா, அங்கிருந்து ஹபனேரா என்ற நடனத் தாளம். 1938-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தபோது, அந்த ஊர் ஜாஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோவில் வாசித்துக் காட்டியே ஹபனேராவின் இந்த ஸ்பானிய வாசனை இல்லாமல் ஜாஸ் சரிப்படாது என்று விளக்கினார்.

இந்தப் பாணிக்கு ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் புரொஃபசர் லாங்ஹேர். இயற்பெயர் ஹென்றி ரோலண்ட் பேர்ட், 1918-இல் பிறந்தவர். சிறுவனாகத் தெருவில் ஆடிக் காசு சேர்த்தவர், கட்டைகள் உடைந்துபோன பழைய பியானோக்களில் தானாகக் கற்றவர். வாசிக்கும்போது காலால் பியானோவின் முன்பலகையை உதைத்துத் தாளம் போடுவார். வலது கையில் அவர் செய்யும் ஒரு வேலை எனக்கு உயிர். சி ஸ்கேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ ஃபிளாட் கறுப்புக் கட்டையை அழுத்திய விரலை எடுக்காமல், அப்படியே சறுக்கி வெள்ளைக் கட்டை ஈ-யில் இறக்குவார். அழுகையும் சிரிப்பும் ஒரே விரலில் வந்துவிடும். கீபோர்டின் இலேசான கட்டைகளில் இது சுமாராகத்தான் வரும். நிஜப் பியானோவில் விரல் நுனி சிவக்கும்.

அவ்வளவு பெரிய கலைஞர் 1960-களில் வாய்ப்பில்லாமல் ஒரு ரெக்கார்டு கடையில் தரை பெருக்கிக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறாது. 1971-இல் அந்த ஊர் இசைவிழா அவரை மறுபடி மேடையேற்றியது. 1977-இல் அவர் பாட்டான ‘டிபிடீனா’வின் பெயரிலேயே ஓர் இசைக்கூடம் திறந்தார்கள், இன்னமும் நடக்கிறது. 1980 ஜனவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இன்னொரு விஷயமும் பிடிக்கும். அங்கே யாரும் புதிதாக ஆரம்பிப்பதில்லை, முந்தையவர் கையிலிருந்து வாங்கித் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். சாம்பியன் ஜாக் டுப்ரீ 1940-களின் தொடக்கத்தில் ஓர் எட்டு பார் ப்ளூஸை, அதாவது எட்டுத் தாள வட்டத்தில் ஒரு சுற்று முடியும் கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகையைப் பதிவு செய்தார். அதே மெட்டின்மேல் 1949-இல் ஃபேட்ஸ் டொமினோ ‘தி ஃபேட் மேன்’ பாடினார். 1953-இல் லாங்ஹேர் அதே எலும்புக்கூட்டில் ‘டிபிடீனா’ செய்தார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

ஆலன் டூசான் இதே வாசிப்புக்கு நளினம் கொடுத்தார். டாக்டர் ஜான் முதலில் கிட்டார்காரர். துப்பாக்கிக் குண்டு விரலில் பட்ட பிறகு பியானோவுக்கு வந்து, இந்த இசையை உலகமெல்லாம் கொண்டுபோனார்.

அப்புறம் ஜேம்ஸ் புக்கர். 43 வயதில் போய்விட்ட மனிதர். ஒரே ஆள் பாஸ், நடுவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), மேலே மெலடி மூன்றையும் வாசிப்பார். முதல் தடவை கேட்டபோது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நம்பினேன். சோபினின் ‘மினிட் வால்ட்ஸ்’கூட அவர் கையில் நியூ ஆர்லியன்ஸ் தெருவுக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால், தனிப் பியானோவில் அவருக்கு மேல் ஒருவரும் இல்லை.

வாசிக்க ஆசைப்படுபவர்கள் புக்கரில் தொடங்காதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். லாங்ஹேரின் இடது கையை மட்டும் முதலில் எடுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைக் குறைவான வேகத்தில் வைத்து, பேசிக்கொண்டே வாசிக்க வரும்வரை வலது கையை மடியிலேயே வையுங்கள். நோட்ஸ் வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஸ்விங்குக்கும் (நெட்டை குட்டையாகத் துள்ளும் நடை) நேர் எட்டுக்கும் (எட்டும் சம அளவு) நடுவில் ஒரு நடை இருக்கிறது, அதைத் தாளில் எழுத வராது. ரெக்கார்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துத்தான் பிடிக்க வேண்டும்.