ஏஐ "ஐந்து வருடம்" என்றது. சட்டத்தில் உங்கள் கையிலிருப்பது மாதத்துக்கு மாத வாடகை உரிமை மட்டும்

கேள்வி: ஹட்டன் நகரில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறேன். 2024 ஜனவரியில் ஐந்து வருடத்துக்குக் கடையை எடுத்தேன். முற்பணம் 12 இலட்சம், மாத வாடகை 45,000. ஒப்பந்தத்தை உரிமையாளரின் மருமகன் சிங்களத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். ஒப்பமிட முன் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து ஏஐ செயலியில் போட்டுத் தமிழில் விளக்கம் கேட்டேன். "பாரிய சிக்கல் இல்லை, ஐந்து வருடப் பாதுகாப்பு உண்டு" என்று வந்தது. இரண்டு சாட்சி வைத்து, முத்திரை ஒட்டி ஒப்பமிட்டோம். அடுப்பு, டைல்ஸ், மின் வேலை என்று இன்னும் 6 இலட்சம் செலவழித்தேன். இப்போது மாத முடிவில் வெளியேறச் சொல்லிச் சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. அவர் மகளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் நின்று சமைத்துக் கொடுத்தவள் நான். தோட்டத்திலிருந்து வந்தவள்தானே என்ற இளக்காரம்தான் இது. ஏஐயிடம் திரும்பக் கேட்டேன். பகுதி நிறைவேற்றம், 53ஏ பிரிவு என்று சொல்லி, என்னை வெளியேற்ற முடியாது எனப் பதில் கடிதமும் எழுதித் தந்தது. அனுப்பலாமா? தவறான விளக்கம் தந்ததற்காக அந்தக் கம்பனியிடம் நட்டஈடு கேட்கலாமா?

பதில்: அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். கம்பனியையும் மறந்துவிடுங்கள். தங்கள் பதிலைச் சட்ட ஆலோசனையாக நம்பக் கூடாது என்பது இத்தகைய செயலிகளின் நிபந்தனைகளிலேயே இருக்கும். அதன் பின்னால் ஓடினால் உங்களுக்கு இருக்கும் கொஞ்ச நாளும் வீணாகும். கல்யாணச் சமையலும் இளக்காரமும் உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் இந்த வழக்கில் அவை ஒரு வரிக்கும் பெறுமதி இல்லை. உங்கள் சட்டத்தரணியிடம் போகும்போது அவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஒப்பந்தத்தைப் பிரசித்த நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தினாரா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்கும்போதும் ஒப்பமிடப்பட்டு, அவர்கள் எல்லோராலும் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குத்தகைக்குச் சட்டத்தில் வலு இல்லை. முத்திரை ஒட்டியதாலோ, சாட்சிகள் ஊரில் பெரிய மனிதர்கள் என்பதாலோ இந்தக் குறை தீராது. நீங்கள் கடைக்குள் இருந்து வாடகை கட்டி வந்ததால் சட்டம் உங்களை மாத வாடகைக்காரராகப் பார்க்கும். மாத வாடகையை ஒரு முழு மாத அறிவித்தலோடு முடிக்கலாம். அறிவித்தல் மாத இடையில் முடிவதாக இருந்தால் அது குறையுள்ளதுதான். அதைப் பிடித்துக்கொண்டு போராடினால் இன்னொரு மாதம் கிடைக்கும், ஐந்து வருடம் கிடைக்காது.

1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் உங்களைக் காக்குமா என்று உடனே கேட்பீர்கள். அது கடையின் வருடப் பெறுமதியோடு பின்னிய விஷயம். நகரசபையின் மதிப்பீட்டு இடாப்பிலிருந்து பிரதி எடுத்து உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். அதை நம்பி மட்டும் உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஏஐ இதை ஏன் சொல்லவில்லை? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை அது வாசித்தது. எழுதப்படாமல் விட்டதைத் தேட நீங்கள் சொல்லவில்லை, அதுவும் தேடவில்லை. அதைவிடப் பெரிய காரணம் அது எந்த நாட்டுச் சட்டத்தை மனதில் வைத்துப் பேசியது என்பது. தமிழில் கேட்டால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பதில் வருவது சாதாரணம். இணையத்தில் தமிழில் உள்ள சட்ட எழுத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் ஏஐயின் பதிலிலேயே அடையாளம் இருக்கிறது. 53ஏ என்பது இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு. இலங்கையில் அந்தச் சட்டம் இல்லை. பணம் கொடுத்தேன், கடையை ஏற்றேன், வேலை செய்தேன் என்ற பகுதி நிறைவேற்ற வாதம் இங்கே 2ஆம் பிரிவை வெல்லாது. உங்கள் உரிமையாளரின் சட்டத்தரணி அந்தக் கடிதத்தை வாசித்ததும், உங்களுக்கு ஆலோசனை சொல்ல யாரும் இல்லை என்று தெரிந்துகொள்வார். அதன் பிறகு பேரம் பேசுவது கடினமாகும்.

சொற்களே காட்டிக்கொடுக்கும். ஏஐயின் பதிலில் "வழக்கறிஞர்", "சார்பதிவாளர் அலுவலகம்", "பட்டா", "பதினொரு மாத ஒப்பந்தம்" என்று வந்தால் அது இந்தியாவைப் பற்றிப் பேசுகிறது. நம்முடைய சட்டம் பேசும் சொற்கள் சட்டத்தரணி, நொத்தாரிசு, உறுதி, காணிப் பதிவகம். அந்தப் பதினொரு மாதம் குறிப்பாக ஆபத்தானது. ஒரு வருடத்துக்குக் குறைந்த குத்தகையைப் பதிவு செய்யத் தேவையில்லை என்ற இந்திய விதியிலிருந்து வந்தது அது. இங்கே எல்லை ஒரு மாதம். பதினொரு மாதக் காகிதமும் நொத்தாரிசு இல்லாவிட்டால் உங்கள் காகிதம் போலத்தான். இன்னொரு அடையாளம், "பிரதிபலன் குறிப்பிடப்படவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது" என்ற எச்சரிக்கை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். அது ஆங்கிலச் சட்டத்தைப் போலப் பிரதிபலன் (ஒருவரின் வாக்குறுதிக்குப் பதிலாக மற்றவர் தருவது) கேட்பதில்லை, நியாயமான காரணம் இருந்தால் போதும்.

சட்டத்தரணி இல்லாமல் பதில் எழுதுவதை ஏன் இவ்வளவு அழுத்தமாகத் தடுக்கிறேன் என்றால், கட்சிக்காரர்கள் அதிகம் விழும் குழி அதுதான். நீங்கள் ஒப்பமிட்டு அனுப்பும் ஒவ்வொரு வரியும் உங்களுடைய ஒப்புதல். யார் எழுதித் தந்தது என்று நீதிமன்றம் கேட்காது. செயலி எழுதும் கடிதங்கள் நீளமாகவும் பணிவாகவும் இருக்கும். "கடந்த இரண்டு மாத வாடகை தாமதமானதற்கு வருந்துகிறேன்" என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதைக்கூட அழகாகச் சேர்த்துவிடும். அந்த ஒரு வரியோடு வாடகை நிலுவை நிரூபணமாகிவிடும். அதற்காகப் பதிலே போடாமல் இருக்கவும் கூடாது. வியாபார விவகாரத்தில் வந்த கடிதத்துக்கு மௌனமாக இருந்தால், அதில் சொன்னதை ஒத்துக்கொண்டதாக எடுக்க இடமுண்டு. கடிதத்தில் தந்த திகதிக்கு முன் சட்டத்தரணி மூலம் சுருக்கமாகப் பதில் போக வேண்டும்.

செயலி தரும் தீர்ப்புகளையும் நம்ப வேண்டாம். 2023இல் நியூயோர்க்கில் இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி எழுதித் தர, அவற்றைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் கொடுத்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. படித்தவர்களுக்கே அந்தக் கதி.

செயலியுடனான உரையாடலை அச்சடித்துச் சாட்சியாகக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் உங்கள் சட்ட ஆலோசகருக்கும் இடையிலான அந்தரங்கப் பேச்சை வெளியிடும்படி சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு வற்புறுத்த விடாது. மென்பொருள் உங்கள் சட்ட ஆலோசகர் அல்ல. அதில் "நொத்தாரிசுக்குச் செலவாகும் என்று உரிமையாளர் சொன்னார், பரவாயில்லையா?" என்று நீங்கள் கேட்டிருந்தால், குறை தெரிந்தே ஒப்பமிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இனி அதில் இந்த வழக்கைப் பற்றி எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.

இனி எதைக் காப்பாற்ற முடியும் என்று பாருங்கள். ஐந்து வருடம் போய்விட்டது. 12 இலட்சம் போகவில்லை. குத்தகை செல்லாது என்றால் அதற்காக வாங்கிய முற்பணத்தை உரிமையாளர் வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் வலு முழுவதும் இங்கேதான். எழுத்திலுள்ள வாக்குறுதி மீது வழக்குக்கு 6 வருடம், எழுத்தில்லாததற்கு 3 வருடம் காலாவதி. உங்கள் செல்லாத காகிதத்தை எழுத்து என்று நீதிமன்றம் ஏற்கும் என எண்ணி 6 வருடக் கணக்கில் இருக்காதீர்கள், 3 வருடக் கணக்கில் நடந்துகொள்ளுங்கள். அடுப்பு, மேசை, குளிரூட்டி உங்களோடு வரும். டைல்ஸும் சுவருக்குள் போன கம்பியும் கட்டடத்தோடு நிற்கும். அவற்றுக்குப் பணம் கேட்க உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வட்ஸ்அப்பில் "சரி, போடுங்கள்" என்று அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியைத் தொலைக்காதீர்கள்.

வாடகையை மட்டும் எக்காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. "முற்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்" என்று நிறுத்துபவர்கள், தங்கள் பக்கமிருந்த நியாயத்தைத் தாங்களே உரிமையாளரிடம் கொடுக்கிறார்கள். அவர் வாங்க மறுத்தால் உரிய திகதிக்கு முன் மணியோடராகப் பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். கடைக்குப் பூட்டுப் போட்டால் நீங்கள் பூட்டை உடைக்காதீர்கள். அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, உடனே சட்டத்தரணியைப் பாருங்கள். கடையைத் திரும்பப் பெற முதன்மை நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உதவும், ஆனால் நீங்கள் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் விடயம் அந்த நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட வழக்குத்தான்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டால் தோசைக் கல் ஆறிவிடும். உரிமையாளருக்கும் 12 இலட்சத்தை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுப்பது இலகுவல்ல. அந்தச் சங்கடம்தான் உங்கள் துரும்பு. இரண்டு வழியை அவர் முன் வையுங்கள்: மீதிக் காலத்துக்கு நொத்தாரிசு உறுதியாகப் புதிய குத்தகை, அல்லது முற்பணம் முழுவதும் கையில் வந்த நாளிலிருந்து ஆறு மாத அவகாசம். பேச்சின்போது எழுதும் கடிதங்களைப் பின்னர் உங்களுக்கு எதிராக ஒப்புதலாகக் காட்டாதிருக்க, அவற்றின் தலையில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று உங்கள் சட்டத்தரணி போடுவார், அதை விட்டுவிட வேண்டாம். மத்தியஸ்த சபைக்குப் போக இருவரும் உடன்பட்டால் அதுவும் நல்லது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தடவை விழுகிறார்கள். சமாதானமானதும், நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் மிச்சமாகட்டும் என்று இன்னொரு காகிதத்தை ஏஐயிடம் எழுதி வாங்கி ஒப்பமிடுவார்கள். முதல் குறையே திரும்ப வரும். செயலியில் விரலால் போடும் கையொப்பமும் உதவாது. காணி, கட்டடத்தின் விற்பனை, உரிமை மாற்றம், அவற்றிலுள்ள உரித்துகள் பற்றிய ஒப்பந்தங்களை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வெளியே வைத்திருக்கிறது.

புதிய குத்தகைக்கு ஒப்பமிட முன் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேட வையுங்கள். ஏஐ காகிதத்தை வாசிக்கும், பதிவேட்டை வாசிக்காது. கட்டடம் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால், வங்கிக் கடன் அறவீடு பற்றிய 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். பின்னால் வந்த உங்கள் குத்தகை அதற்கு முன் நிற்காது. மலையகத்தில் இன்னொரு தேடலும் கட்டாயம்: கடை நிற்கும் மண் யாருடையது? பல சந்திகளில் கடைகள் தோட்டக் காணியின் ஓரத்தில் நிற்கின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போன தோட்டங்களை 1992இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் ஏற்றன. அவற்றுக்கே அது குத்தகை நிலம்தான். அதில் கடை கட்டிக்கொண்டவர் உங்களுக்கு எதைக் குத்தகைக்குத் தர முடியும்? உறுதி பதிவாகாமல் கிடந்தால், பெறுமதி கொடுத்து வாங்கிய இன்னொருவர் உங்களுக்கு முன் பதிந்து முந்திவிடலாம். நொத்தாரிசு மாதந்தோறும் பதிவகத்துக்கு அனுப்பும் இரண்டாம் பிரதியைப் பதிவு என்று நினைக்க வேண்டாம். மூல உறுதியைத் தனியாகப் பதிவுக்குக் கொடுத்து, பதிவு இலக்கம் போட்டுத் திரும்பியதைக் கையில் வாங்குங்கள்.

ஏஐயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "இது சரியா?" என்று கேட்டால் "சரி" என்பது போலத்தான் சொல்லும். இலங்கைச் சட்டம் என்று முதலில் சொல்லி, எந்தெந்த வாசகத்தில் பணம், திகதி, அறிவித்தல் காலம் வருகின்றன, ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா, எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றா, எந்த இணைப்பு குறைகிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் வாசக இலக்கத்தையும் அசல் வரியையும் கேளுங்கள். சிங்களப் பக்கமென்றால் முதலில் சிங்களத்திலேயே தட்டச்சு செய்யச் சொல்லி, சிங்களம் தெரிந்தவரோடு காகிதத்தை வைத்து ஒப்பிட்டபின் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் "ஹெக்கிய" என்றால் முடியும், "நொஹெக்கிய" என்றால் முடியாது. மங்கலான படத்தில் அந்த "நொ" விழுந்தால் தடை அனுமதியாகிவிடும். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துப் படமெடுங்கள். அப்படிக் கிடைத்த கேள்விப் பட்டியலோடு நொத்தாரிசிடம் போனால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சம். அந்த உறுதி தமிழில் வேண்டுமென்றால், தமிழில் எழுத அனுமதியுள்ள நொத்தாரிசைத் தேடுங்கள். வேறு மொழியில்தான் என்றால் ஒப்பமிட முன் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியாதவருக்கு அப்படிச் செய்வது நொத்தாரிசின் கடமை.

இந்த வாரமே சட்டத்தரணியிடம் போங்கள். ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, முற்பணப் பற்றுச்சீட்டு, எல்லா மாத வாடகைப் பற்றுச்சீட்டுகளும், உரிமையாளரின் கடிதமும் அது வந்த உறையும், டைல்ஸ், மின் வேலைக்கான பில்கள், வட்ஸ்அப் செய்திகள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், அந்த மாதத்து வங்கிக் கூற்றை வங்கியில் கேட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.