நடைப்பயிற்சி: வாசகர் கேள்விகள்

கேள்வி: பூங்காவில் ஜாகிங் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. முன்னால் போகும் பெரியவர்களை முந்தும்போதெல்லாம் திடுக்கிட்டு நின்றுவிடுகிறார்கள். ஒருவர் திட்டியே விட்டார். என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: தோளுக்குப் பக்கத்தில் வந்த பிறகு 'சைடு' என்று குரல் கொடுக்கிறீர்களா? அப்படியானால் குரல் வந்த பக்கமே அவர்கள் திரும்புவார்கள். திரும்பும்போது காலும் அந்தப் பக்கமே நகரும். நீங்கள் முந்த நினைத்த இடத்திலேயே வந்து நிற்பார்கள். ஏழெட்டு மீட்டர் இருக்கும்போதே, "சார், அப்படியே நடங்க, நான் வலது பக்கமா போறேன்" என்று சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டியது, நீங்கள் செய்யப்போவது இரண்டும் அதில் வந்துவிடுகிறது. முந்தியதும் சட்டென்று குறுக்கே வெட்டாமல், நான்கைந்து எட்டு நேராக ஓடிவிட்டு இடப்பக்கம் வாருங்கள். காதில் இயர்போன் இருந்தால் குரல் போய்ச் சேராது. நடைவேகத்துக்கு இறங்கி, நன்றாக விலகிப் போங்கள். கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வயது அவர்களுக்கு. அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டியவர் எப்போதும் ஓடுகிறவர்தான்.

கேள்வி: எங்கள் பூங்காவின் எட்டு வடிவ நடைபாதையில் தினமும் இடித்துக்கொள்கிறோம். எத்தனை பேர் சேர்ந்து நடக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: சின்ன எட்டு என்றால் இரண்டு பேர் போதும். இருவரும் ஒரே திசையில் நடக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். இடைவெளியில்தான் தவறு நடக்கிறது. ஒருவர் மேல் வட்டம், இன்னொருவர் கீழ் வட்டம் என்று சரிபாதி தள்ளி நடந்தால் வசதி என்று தோன்றும். ஆனால் அப்போதுதான் இருவரும் நடுச்சந்திக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். முன்னவர் கால் பங்கு தூரம் போன பிறகு நீங்கள் தொடங்குங்கள். அவர் சந்தியைக் கடக்கும்போது நீங்கள் வளைவின் கோடியில் இருப்பீர்கள். திசை மாற்றுவதாக இருந்தால் ஒரு சுற்று முன்பே சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் இடம் கொடுப்பது அழகு.

கேள்வி: ஸ்டேடியம் டிராக்கில் நடப்பவர்கள் எந்த லேனில் போக வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: வெளி லேன்களில். உள் லேன் வேகமாக ஓடிப் பழகுபவர்களுக்கு உரியது. முதல் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர், எட்டாவதில் சுமார் 453 மீட்டர். அங்கே ஏழு சுற்று நடந்தாலே உள்ளே எட்டுச் சுற்று நடந்த கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். ஓட்டம் எப்போதும் இடஞ்சுழிதான், எதிர்த்திசையில் நடக்காதீர்கள்.

கேள்வி: உடல் பருமனைக் குறைக்க நடக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தி அறிவுரை சொல்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிற்காதீர்கள். "நடந்துட்டே இருக்கணும் அங்கிள், வரேன்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அறிவுரை சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பூங்காவுக்கு வராமல் நின்றுவிடுகிற பெண்கள் உண்டு. பார்த்தால் ஒரு வணக்கம் போதும்.

கேள்வி: திறந்தவெளி ஜிம் கருவிகளில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?
– வாசகர், சேலம்

பதில்: பதினைந்து முறை செய்துவிட்டு அடுத்தவருக்கு விடுங்கள், அவர் முடித்ததும் மறுபடி ஏறலாம். வியர்வையைத் துண்டால் துடையுங்கள். காலை முன்னும் பின்னும் வீசும் கருவியிலிருந்து, ஆட்டம் முழுவதும் நின்ற பிறகே இறங்குங்கள். ஆடிக்கொண்டிருக்கும் மிதிகட்டை, பின்னால் நிற்கும் குழந்தையின் முகத்து உயரத்துக்கு வரும்.