பனிக்கடல் வழியே சீனாவுக்கு

கேள்வி: ஆப்பிரிக்காவைச் சுற்றி ஆசியாவுக்கு வரும் கடல்வழி 1498-லேயே தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் டச்சுக்காரர்கள் வடதுருவப் பக்கம் போய்ப் பனியில் சிக்கினார்கள்?

பதில்: வழி தெரிந்திருந்ததே தவிர, எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அதைப் போர்ச்சுகீசியர் தம் தனியுரிமையாகக் காத்துவந்தனர். 1580 முதல் போர்ச்சுகலையும் சேர்த்து ஆண்ட ஸ்பெயின் மன்னருடன் டச்சுக்காரர்கள் போரிலும் இருந்தனர். எனவே ரஷ்யாவின் வடகரையை ஒட்டிச் சீனாவுக்குப் போக முடியுமா என்று பார்த்தார்கள். கோடையில் துருவத்தில் சூரியன் மறைவதே இல்லையாதலால், கரையைவிட்டு விலகிய நடுக்கடல் உறையாது என்பது ஆம்ஸ்டர்டாம் நிலப்பட அறிஞர் பிளான்சியஸின் கணிப்பு. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கதிர்கள் சாய்ந்தே விழுகின்றன என்பதும், விழும் ஒளியிலும் பெரும்பகுதியை வெண்பனி திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதும்தான் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போயின.

1594, 1595 ஆகிய இரு முறையும் பனி மறித்துத் திரும்பிய மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ், வழி கண்டால் 25,000 கில்டர் (டச்சு நாணயம்) பரிசு என்ற அறிவிப்புக்குப் பின் 1596-இல் மீண்டும் புறப்பட்டார். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைக் கண்டபின் உடன்வந்த கப்பல் பிரிந்து செல்ல, இவரது கப்பல் ஆகஸ்ட் இறுதியில் ரஷ்யாவுக்கு வடக்கேயுள்ள நோவாயா செம்லியா தீவின் வடகிழக்குக் கரையில் உறைபனிக்குள் மாட்டிக்கொண்டது. மரமே வளராத அந்தக் கரையில், கடல் ஒதுக்கிய கட்டைகளையும் கப்பல் பலகைகளையும் கொண்டு பதினேழு பேரும் ஒரு வீடு கட்டத் தொடங்கினர். உள்ளே நெருப்பு எரிந்தும் படுக்கையோரச் சுவரில் இரு விரற்கடைப் பனி படிந்தது. கடிகாரம் உறைந்து நின்றதால், பன்னிரண்டு மணி நேர மணற்கடிகையைக் கவிழ்த்துக் கவிழ்த்து நாளைக் கணக்கிட்டார்கள். ஒரு டிசம்பர் இரவு, குளிர் தாளாமல் நிலக்கரியை மூட்டிக் கதவையும் புகைபோக்கியையும் அடைத்துவிட்டுப் படுத்தவர்கள், தலைசுற்றி எழமுடியாமல் கிடந்தபோது, ஒருவர் எப்படியோ கதவைத் திறந்ததால்தான் பிழைத்தார்கள். பொறிவைத்துப் பிடித்த துருவ நரிகளின் இறைச்சி, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை ஓரளவு தடுத்தது.

1597 ஜூனில் இரு திறந்த படகுகளில் கிளம்பினர். ஒரு வாரத்துக்குள் பாரென்ட்ஸ் இறந்தார். பன்னிரண்டு பேர் மட்டும் நவம்பர் 1 அன்று ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தனர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஹவுட்மன் என்ற டச்சுக்காரரின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றும் தெற்கு வழியாக ஜாவா சென்று திரும்பியிருந்தன. பின்னாளில் டச்சுக்காரர்கள் நம் பழவேற்காட்டுக்கு வந்ததும் அந்தத் தெற்கு வழியில்தான்.

கேள்வி: அவர்கள் கொண்டுபோன சரக்கு என்ன ஆயிற்று?

பதில்: கொஞ்சம் அந்த வீட்டிலேயே கிடந்தது. 1871-இல் நார்வே மாலுமி எல்லிங் கார்ல்சன் அங்கே போனபோது, மெழுகுவர்த்தித் தண்டுகளோடு, சீனாவில் விற்க அனுப்பிய அச்சுப்படங்களும் இருந்தன. நூற்றுக்கணக்கான அத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இறுகியிருந்தன. அவற்றை ஏடு ஏடாகப் பிரித்தெடுத்து ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.