ஜினி எண் யார் பக்கச் சாட்சி?

அன்புள்ள சார்,

வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி எண் (0 என்றால் எல்லாருக்கும் ஒரே வருமானம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே) சுவீடனில் 0.3ஐ ஒட்டியும் அமெரிக்காவில் 0.4ஐ ஒட்டியும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 0.6ஐத் தாண்டுகிறது. நீதி பற்றி அமெரிக்கத் தத்துவ அறிஞர்கள் இருவரிடையே நடந்த விவாதத்தில், கீழே இருப்பவர்களின் நிலையைப் பார்க்கச் சொன்ன ஜான் ரால்ஸ் ஜெயித்தார், நேர்மையாக வந்த சொத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்ற ராபர்ட் நோசிக் தோற்றார் என்று இதை வைத்துச் சொல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நோசிக் அவ்வளவு சுலபமாகத் தோற்கமாட்டார். ரால்ஸுக்கும் இந்த எண்ணால் பெரிய லாபமில்லை.

ஜினி அளப்பது இடைவெளியை. ரால்ஸ் 1971இல் கேட்டது வேறு: அடிப்படை உரிமைகளும் வாய்ப்புகளும் உறுதியான பிறகு, ஆகக் கீழே இருப்பவரின் நிலை இதைவிட மேலாக இருக்க வழியுண்டா? எல்லாரும் ஒன்றுபோல வறுமையில் கிடந்தால் ஜினி பூஜ்யத்தை நெருங்கும். ரால்ஸ் அதை மெச்சமாட்டார். சுவீடனும் அவருடைய மாதிரி நாடு அல்ல. சொத்து சிலர் கையில் குவியாதிருக்க வாரிசு வரி வேண்டும் என்றவர் அவர். சுவீடன் அதை 2004இல் எடுத்துவிட்டது, ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீதான வரியை 2007இல்.

நோசிக்குக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பணம் வந்த வழிதான் முக்கியம். 1974இல் அவர் சொன்ன உதாரணம்: கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினுக்காகப் பத்து லட்சம் பேர் தலைக்கு 25 சென்ட் விரும்பிக் கொடுக்கிறார்கள். அவர் கையில் 2,50,000 டாலர். இதில் அநீதி எங்கே? கெட்டிக்காரக் கேள்விதான்.

ஆனால் வந்த வழி நேர்மையாக இல்லாவிட்டால்? அதற்கும் அவரிடம் ஒரு விதி உண்டு: பழைய அநீதியைச் சரிசெய்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1913 நிலச் சட்டம் பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது சுமார் 7 சதவீத நிலம். 1936இல் அது 13 சதவீதம் வரை உயர்ந்தது. அந்த நாட்டின் 0.6ஐ நோசிக்கின் கோட்பாட்டை வைத்தே நியாயப்படுத்த முடியாது. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு தொலைந்துபோயிருந்தால், ஆகக் கீழே இருப்பவர்களின் நிலையை முடிந்தவரை உயர்த்துவது தோராயமான வழியாக இருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். சுற்றி வளைத்து ரால்ஸின் வாசலுக்கே வந்துவிட்டார், இல்லையா?

பூர்வகுடிகளின் நிலமும் அடிமைகளின் உழைப்பும் கலந்த அமெரிக்கச் சொத்துக்கும் இது பொருந்தும். அங்கே நோசிக்கைக் காட்டி வரியைக் குறைக்கச் சொல்பவர்கள் பழைய அநீதியைச் சரிசெய்யச் சொல்லும் அவர் புத்தகத்தின் பக்கத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.